போலீஸை எதிர்த்துப் பாடினவர்... 25 வருஷமா டிவியில் போலீஸ்! ராப்பர் ஐஸ்-டி நடிகரான கதை

1992-ம் வருஷம். அமெரிக்காவில் ஒரு பாட்டு வந்தது. அதைக் கண்டித்து அதிபர் பேசினார், துணை அதிபர் பேசினார், நாடு முழுக்க போலீஸ் சங்கங்கள் கொதித்தன. பாட்டோட பெயரே 'காப் கில்லர்'. தமிழில் சொன்னா, போலீஸைக் கொல்பவன். பாடினவர் ஐஸ்-டி.

அடுத்த எட்டே வருஷத்தில் அதே ஐஸ்-டி, இடுப்பில் போலீஸ் பேட்ஜோட ஒரு டிவி தொடரில் வந்து நின்னார். நாலு எபிசோடு நடிச்சிட்டுப் போயிடலாம்னு வந்தவர், கால் நூற்றாண்டு தாண்டியும் அந்தத் தொடரில் இருக்கிறார். நியூயார்க் போலீசில் நிஜமா வேலை பார்க்கிறவங்களே 20, 22 வருஷத்தில் பென்ஷன் வாங்கிட்டுப் போயிடலாம். இவர் அதையும் தாண்டிட்டார்.

"காசுக்காகக் கட்சி மாறிட்டார்" என்பது ஒரு தரப்பு. "அவர் அப்பவும் வேஷம்தான் கட்டினார், இப்பவும் வேஷம்தான் கட்டுறார்" என்பது இன்னொரு தரப்பு. எது சரி? அதுக்கு அவரோட கதையைக் கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்க்கணும்.

யார் இந்த ஐஸ்-டி?

நிஜப் பெயர் ட்ரேசி மாரோ. 1958 பிப்ரவரி 16-ல் நியூஜெர்சி மாநிலத்தின் நெவார்க் நகரத்தில் பிறந்தவர். மூணாங்கிளாஸ் படிக்கும்போது அம்மா மாரடைப்பில் இறந்துட்டார். சில வருஷத்தில் அப்பாவும் அதே மாதிரி மாரடைப்பில் போயிட்டார். கூடப் பிறந்தவங்க யாரும் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பி வச்சாங்க.

அங்கே சேர்ந்த பள்ளிக்கூடம் கிரென்ஷா ஹை ஸ்கூல். சுத்துப்பட்டு முழுக்க தெருக் கும்பல்கள் கோலோச்சின காலம் அது. எந்தத் தெருவில் நடக்கலாம், எந்த நிறச் சட்டை போடலாம் என்பதுகூட கும்பல் கணக்குதான். அந்த வயசில் ட்ரேசிக்குப் பிடிச்ச எழுத்தாளர் 'ஐஸ்பெர்க் ஸ்லிம்'. பெண்களை வச்சுத் தொழில் நடத்தி, ஜெயிலுக்குப் போய், அப்புறம் அந்த இருட்டு வாழ்க்கையையே புத்தகமா எழுதினவர். அந்தப் புத்தக வரிகளை மனப்பாடமா ஒப்பிச்சுக் காட்டினதால் ஒட்டிக்கிட்ட பெயர்தான் 'ஐஸ்-டி'.

சின்ன வயசிலேயே அப்பாவும் ஆனார். குழந்தைக்குச் சோறு போடணும்னு ராணுவத்தில் சேர்ந்தார், ஹவாயில் போஸ்டிங். டிஜே பண்ற மெஷினை முதல்முதலா வாங்கினதும் அங்கேதான். ஆனா திரும்பி வந்ததும் போன பாதை நேர் பாதை இல்லை. நகைக்கடையில் புகுந்து அள்ளிட்டு ஓடுற வேலை. இதை யாரும் துப்பறிஞ்சு கண்டுபிடிக்கலை, அவரே தன் புத்தகத்திலும் பேட்டிகளிலும் சொன்னதுதான். கூட்டாளிகளில் சிலர் ஜெயிலுக்குப் போனாங்க. இவருக்கு நடுவில் ஒரு பெரிய கார் விபத்து நடந்தது. அதுக்கப்புறம் மைக்தான் முழு நேரத் தொழில்.

பாட்டும் சினிமாவும் ஒண்ணாத்தான் வந்தது

ராப்பரா ஜெயிச்ச பிறகு சினிமாவுக்குப் போனார்னு பொதுவா சொல்வாங்க. உண்மையில் வரிசை அப்படி இல்லை. 1984-ல் வந்த 'பிரேக்கின்' என்ற பிரேக் டான்ஸ் படத்தில் கிளப்பில் ராப் பாடுறவரா இவர் தலைகாட்டிட்டார். அந்தப் படத்தில் தன்னைப் பார்த்தால் அவருக்கே சிரிப்பு வருமாம். பெயர் வாங்கித் தந்தது 1986-ல் வந்த 'சிக்ஸ் இன் தி மார்னிங்' என்ற பாட்டு. விடியற்காலை ஆறு மணிக்கு போலீஸ் கதவைத் தட்டுது, ஒருத்தன் தப்பிச்சு ஓடுறான். அங்கிருந்து கதையா நீளும் பாட்டு அது. 'கேங்ஸ்டா ராப்' என்று பின்னாடி பெயர் வாங்கின பாணிக்கு ஆரம்பகால உதாரணங்களில் ஒண்ணு என்று இசை விமர்சகர்கள் இதைக் குறிப்பிடுவாங்க.

ஒரு விஷயம் கவனிங்க. அந்தப் பாட்டில் 'நான்' என்று பேசுவது ஒரு கதாபாத்திரம். ஐஸ்-டி பார்த்த, பழகின ஆட்களைக் கலந்து செய்த ஒரு ஆள். தன் வாழ்க்கையை அப்படியே பாடலை, ஒரு ரோலை எழுதி அதைக் குரலில் நடிச்சார். 1992 சண்டையே இந்த 'நான்' யார் என்பதில்தான் வெடிச்சது.

முதல் போலீஸ் வேஷம் 1991-லேயே!

நிறைய பேர் மறந்துட்ட விஷயம் இது. 'காப் கில்லர்' ஆல்பம் வருவதற்கு ஒரு வருஷம் முன்னாடியே ஐஸ்-டி போலீஸா நடிச்சாச்சு. மரியோ வான் பீபிள்ஸ் இயக்கிய 'நியூ ஜாக் சிட்டி' படத்தில் போதைக் கும்பலைத் துரத்தும் டிடெக்டிவ் வேஷம். வில்லன் வெஸ்லி ஸ்னைப்ஸ். சின்ன பட்ஜெட்டில் எடுத்த படம் பெரிய ஹிட்.

ஒரு நைட் கிளப்பின் பாத்ரூமில் இவர் பேசிக்கிட்டிருந்ததைக் கேட்டுத்தான் வான் பீபிள்ஸ் வாய்ப்பு கொடுத்தார் என்று ஐஸ்-டி பல பேட்டிகளில் சொல்லியிருக்கார். வேஷம் போலீஸ் என்றதும் பயந்துட்டாராம். தெருவைப் பற்றிப் பாடுறவன் போலீஸ் சட்டை போட்டா, கேட்கிற பசங்க என்ன நினைப்பாங்க? பழைய நண்பர்களிடம் கேட்டிருக்கார். 'கிடைச்ச வாய்ப்பை விடாதே' என்று அவங்கதான் தைரியம் சொல்லி அனுப்பியிருக்காங்க.

ஆக 'எதிர்த்துப் பாடினவர் பிறகு மனம் மாறி போலீஸா நடிச்சார்' என்ற கதை வரிசைப்படியே தப்பு. முதல்ல வந்தது வேஷம், பாட்டு அதுக்கப்புறம்தான்.

1992-ல் அப்படி என்னதான் நடந்தது?

முதல்ல ஒரு திருத்தம். 'காப் கில்லர்' ராப் பாட்டே இல்லை! கிரென்ஷா பள்ளிக்கூட நண்பர் எர்னி சி-யோட சேர்ந்து ஐஸ்-டி ஆரம்பிச்ச 'பாடி கவுண்ட்' என்ற ஹெவி மெட்டல் பேண்டின் பாட்டு. கிட்டார், டிரம்ஸ், கத்தல். ஆனா அன்னைக்கு அரசியல்வாதிகள் எல்லாரும் 'ராப் பாட்டு, ராப் பாட்டு' என்றே திட்டினாங்க. ராப் என்று சொன்னா கேட்கிறவங்க மனசில் எந்த நிறத்து முகம் வரும் என்று அவங்களுக்குத் தெரியும். மெட்டல் என்று சொன்னா அந்த முகம் வராது. ஐஸ்-டி இதைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார்.

பாட்டில் பேசுவது, போலீஸ் அராஜகத்தைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிச்ச ஒருத்தன். பழிவாங்கக் கிளம்புறான். கேட்டா உறுத்தும், அதில் சந்தேகம் இல்லை. உறுத்தணும் என்றுதான் எழுதியிருக்கார்.

ஆல்பம் வந்தது 1992 மார்ச்சில். முதலில் பெரிய சத்தம் எதுவும் இல்லை. ஏப்ரல் 29-ல் நிலைமை தலைகீழா மாறியது. ராட்னி கிங் என்ற கறுப்பின இளைஞரை லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசார் நடுரோட்டில் அடிச்சு நொறுக்கின வீடியோவை அதுக்கு முந்தின வருஷமே உலகம் பார்த்திருந்தது. அந்த வழக்கில் தாக்குதல் குற்றச்சாட்டிலிருந்து நாலு போலீசாரும் தப்பினாங்க. ஒருத்தர் மேல் இருந்த ஒரே ஒரு குற்றச்சாட்டில் மட்டும் ஜூரியால் முடிவுக்கு வர முடியலை. நகரம் பத்தி எரிந்தது. 50-க்கும் மேற்பட்டவங்க செத்தாங்க. சொத்துச் சேதம் சுமார் 100 கோடி டாலர்.

கலவரச் சூடு ஆறாத ஜூன் மாதத்தில், டெக்சாஸில் இருக்கும் போலீஸ் சங்கம் ஒண்ணு அந்தப் பாட்டைக் கையில் எடுத்தது. கோரிக்கை: ஆல்பத்தை வாபஸ் வாங்கு, இல்லைன்னா டைம் வார்னர் நிறுவனத்தையே புறக்கணிப்போம். மத்த மாநிலச் சங்கங்களும் சேர்ந்தன. அதிபர் ஜார்ஜ் புஷ், அதாவது சீனியர் புஷ், கண்டிச்சார். துணை அதிபர் டான் குவேல் கண்டிச்சார். நவம்பரில் தேர்தல் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கணும்.

எல்லா போலீசாரும் ஒரே பக்கம் நிற்கலை என்பதும் உண்மை. கறுப்பினக் காவலர்களின் தேசிய சங்கம், இந்தப் புறக்கணிப்பில் சேர மாட்டோம் என்று சொல்லிடுச்சு. போலீஸ் அராஜகம் என்ற நிஜப் பிரச்சினையிலிருந்துதான் இந்தப் பாட்டு வந்தது என்பது அவங்க வாதம். தலைப்புச் செய்தியில் இதுக்கு அவ்வளவா இடம் கிடைக்கலை.

அரசு ஏன் தடை செய்யலை?

செய்ய முடியாது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் பேச்சுரிமையைக் காக்குது. உடனடி வன்முறையைத் தூண்டும் நோக்கமும், அது நடக்கக்கூடிய சூழலும் இருந்தால்தான் பேச்சைக் குற்றமாக்கலாம் என்று 1969-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஒரு பேண்டின் பாட்டு அந்த வரையறைக்குள் வருவது ரொம்பக் கஷ்டம்.

ஆனா முதல் திருத்தம் கட்டிப்போடுவது அரசைத்தான், தனியார் நிறுவனத்தை இல்லை. அதனால் அழுத்தம் முழுக்க டைம் வார்னர் பக்கம் திரும்பியது. அந்த நிறுவனத்திடம் இருந்தது பாட்டுக் கம்பெனி மட்டுமா? வார்னர் பிரதர்ஸ் சினிமா, ஹெச்பிஓ சேனல், டைம் பத்திரிகை என்று பெரிய சாம்ராஜ்யம். அந்த ஜூனில்தான் அவங்களோட 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' தியேட்டருக்கு வந்திருந்தது. ஒரு பாட்டுக்காகப் படத்தைப் புறக்கணிச்சா என்ன ஆகும்? போலீஸ் பென்ஷன் நிதிகள் கம்பெனிப் பங்குகளை வித்துட்டா? கணக்கு இப்படித்தான் ஓடியது.

ஜூலையில் நடந்த பங்குதாரர் கூட்டம்தான் உச்சக்காட்சி. 'பென் ஹர்' படத்தின் ஹீரோ சார்ல்டன் ஹெஸ்டனும் டைம் வார்னரில் பங்கு வச்சிருந்தார். எழுந்து நின்று பாட்டின் வரிகளைக் கூட்டத்தில் அப்படியே வாசிச்சார். இசை இல்லாமல், தாளம் இல்லாமல், வயசான ஒரு பெரிய நடிகரின் கம்பீரக் குரலில் அந்தக் கெட்ட வார்த்தைகள். அரங்கம் உறைஞ்சு போச்சு. (ஒரு நடிகர், இன்னொருத்தர் எழுதின கதாபாத்திரத்தின் வசனத்தை வாசிச்சு, 'இதோ பாருங்க இவன் எப்படிப்பட்டவன்' என்று காட்டினார். இந்த முரண் அன்னைக்கு எத்தனை பேருக்கு உறைச்சது என்று தெரியலை.)

ஐஸ்-டி சொன்ன பதில் இன்னைக்கும் மேற்கோள் காட்டப்படுது. நான் போலீஸைக் கொல்றவன் என்று நீங்க நம்பினா, விண்வெளி வீரனைப் பற்றிப் பாடின டேவிட் போவியும் விண்வெளி வீரர்தான் என்பது அதன் சாரம்.

கடைகள் ஆல்பத்தை அலமாரியிலிருந்து எடுத்தன. வார்னர் ஊழியர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஜூலை 28-ம் தேதி ஐஸ்-டி அந்தப் பாட்டை ஆல்பத்திலிருந்து தானே நீக்குவதா அறிவிச்சார். கம்பெனி தன்னைக் கட்டாயப்படுத்தலை, சம்பந்தமே இல்லாத ஊழியர்கள் தன்னால் மிரட்டப்படுறாங்க, அதான் காரணம் என்றார். கலைஞர்கள் சிலருக்கு இது சரணாகதியாத் தெரிஞ்சது. அடுத்த ஆல்பத்தின் அட்டைப்படத்திலேயே கம்பெனியோட தகராறு. 1993 ஜனவரியில் உறவு முறிஞ்சது. 'ஹோம் இன்வேஷன்' ஆல்பத்தை வேற கம்பெனி மூலமா கொண்டு வந்தார்.

இந்த இடத்தில் அவர் சொன்ன ஒரு பாடம் முக்கியம். அடுத்தவன் பணத்தில் உட்கார்ந்துகிட்டு அவனுக்கே நஷ்டம் வர்ற மாதிரி சண்டை போட முடியாது, சொந்தப் பணமா இருக்கணும் என்பதுதான் அது. கேட்க நல்லா இருக்கு. ஆனா அடுத்து அவர் போன இடம் அதைவிடப் பெரிய கம்பெனிப் பணம்!

டிவிக்கு எப்படி வந்தார்?

சில படங்கள் நல்ல படங்கள். 'ட்ரெஸ்பாஸ்', 'சர்வைவிங் தி கேம்' மாதிரி. 'டேங்க் கேர்ள்' படத்தில் கங்காரு மனிதன் வேஷம், முகம் முழுக்க மேக்கப். 90-களின் கடைசியில் தியேட்டருக்கே வராமல் நேரா வீடியோ கடைக்குப் போகும் படங்களாக் குவிச்சார். சம்பளம் வருதா, நடிச்சிடுவோம் என்ற காலம்.

திருப்பம், டிக் வுல்ஃப். 'லா அண்ட் ஆர்டர்' தொடரை உருவாக்கின தயாரிப்பாளர். அவர் தயாரிச்ச 'நியூயார்க் அண்டர்கவர்' தொடரில் ஐஸ்-டி வில்லனா வந்து கலக்கினார். அடுத்து 'பிளேயர்ஸ்' என்ற தொடர், ஒரே சீசனில் முடிஞ்சு போச்சு. 1998-ல் 'எக்ஸைல்ட்' என்ற டிவி படத்தில் பெண்களை வச்சுத் தொழில் நடத்துறவன் வேஷம். பள்ளிக்கூட வயசில் ஒப்பிச்ச ஐஸ்பெர்க் ஸ்லிம் வரிகள் எங்கேயோ கை கொடுத்திருக்கும்.

2000-ல் வுல்ஃப் மறுபடி கூப்பிட்டார். 'லா அண்ட் ஆர்டர்: ஸ்பெஷல் விக்டிம்ஸ் யூனிட்', சுருக்கமா எஸ்வியு. பாலியல் குற்றங்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களை விசாரிக்கும் போலீஸ் பிரிவின் கதை. 1999-ல் ஆரம்பிச்ச தொடரின் இரண்டாவது சீசனில், போதைத் தடுப்புப் பிரிவிலிருந்து மாற்றலாகி வரும் டிடெக்டிவ் ஓடாஃபின் 'ஃபின்' டுட்டுவோலா. அதுதான் அந்த நாலு எபிசோடு வேஷம்.

ரசிகர்களுக்கு ஃபின்னை ஏன் பிடிச்சது? அவன் பேசுறது போலீஸ் மாதிரி இல்லை. விசாரணையில் ஒருத்தன் புளுகினா, ஒரு புருவத்தைத் தூக்கி ஒரே ஒரு வரி. அதிர்ச்சியான ஒரு விவரத்தை யாராவது சொன்னா, நம்ம வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறவங்க முகத்தில் வர்ற அதே ரியாக்ஷன். இணையத்தில் அவரோட வசனங்கள் மீம்ஸா சுத்துது. ஆரம்பத்தில் ரிச்சர்ட் பெல்சர் நடித்த கிழட்டு டிடெக்டிவ் மன்ச்சோட இவர் ஜோடி சேர்ந்த காட்சிகள் தனி ரகம். பெல்சர் 2023-ல் காலமானார்.

பெரிய நடிப்பா என்று கேட்டா, ஆஸ்கர் ரக நடிப்பு இல்லைதான். ஆனா வாரா வாரம் ஒரு ஆளை ஒரே அளவில், அலுக்காமல் கொண்டு போவதும் ஒரு தொழில்திறமை. 2019-ல் எஸ்வியு 21-வது சீசனைத் தொட்டு, அமெரிக்காவின் பிரைம் டைமில் மிக அதிக சீசன்கள் ஓடின நடிகர்கள் நடிக்கும் தொடர் என்ற சாதனை படைச்சது. 2021-ல் 500 எபிசோடைத் தாண்டியது. ராப்பர்கள் பலர் சினிமாவில் பெரிய ஸ்டார் ஆனாங்க, வில் ஸ்மித் மாதிரி. ஆனா ஒரே வேலையில் இத்தனை வருஷம் நின்னு மாசச் சம்பளக்காரர் மாதிரி வாழ்ந்தவர்னு பார்த்தா ஐஸ்-டிதான் முதலில் ஞாபகம் வருவார்.

இவர் மட்டும் இல்லை. போலீஸைத் திட்டிப் பாடினதுக்காக 1989-ல் எஃப்பிஐ அதிகாரி ஒருத்தரிடமிருந்து கண்டனக் கடிதம் வந்த என்டபிள்யூஏ குழுவின் ஐஸ் கியூப், 2012-ல் '21 ஜம்ப் ஸ்ட்ரீட்' படத்தில் போலீஸ் கேப்டனா வந்து எல்லாரையும் கத்தித் தீர்த்தார். அதைக் காமெடியா ரசிச்சாங்க. ஐஸ்-டி கதையில் காமெடி கம்மி.

அப்போ, கட்சி மாறிட்டாரா?

அவர் தரப்பு எப்பவும் ஒண்ணுதான்: என் கோபம் அராஜகம் பண்ற போலீஸ் மேல், எல்லா போலீஸ் மேலும் இல்லை. பாட்டில் வந்தவனும் ஒரு கேரக்டர், டிவியில் வர்றவனும் ஒரு கேரக்டர்.

இதை ஏத்துக்காதவங்களும் இருக்காங்க, அவங்க கேள்வியிலும் நியாயம் இருக்கு. 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் மினியாபொலிஸில் போலீஸ் முழங்காலுக்கு அடியில் மூச்சுத் திணறி இறந்த பிறகு, அமெரிக்காவில் போலீஸ் தொடர்கள் மேலேயே விமர்சனம் திரும்பியது. எப்பவும் நல்லவங்களா, கடைசியில் ஜெயிக்கிறவங்களா போலீஸைக் காட்டிக் காட்டி ஜனங்க கண்ணை மறைக்குது இந்தத் தொடர்கள் என்றாங்க. எஸ்வியு அந்த வரிசையில் முன்னாடி நிற்கும் பெயர். பாட்டு ஒரு கோடைகாலம் மட்டும் கேட்டது, ஃபின் டுட்டுவோலா இருபது வருஷத்துக்கு மேலா வீட்டுக்குள்ள வர்றார். எது ஜனங்க மனசில் ஆழமாப் பதியும்?

'அது நடிப்பு' என்ற வாதத்தை 1992-ல் யாரும் அவருக்குக் கொடுக்கலை, 2000-க்கு அப்புறம் எல்லாரும் கொடுத்தாங்க. பேட்ஜ் போட்ட கேரக்டரைப் பார்த்து யாரும் 'நீ நிஜமா போலீஸா?' என்று கேட்கிறதில்லை. துப்பாக்கி எடுத்த கேரக்டரைப் பாடினப்போ நாடே அப்படிக் கேட்டது. ஐஸ்-டி மேல் வைக்கிற கேள்வியில் பாதியை இந்த வித்தியாசத்துக்கும் வைக்கலாம்.

அவர் பாட்டை விடவும் இல்லை. பாடி கவுண்ட் இன்னும் ஆல்பம் போடுது. 2017-ல் வந்த 'பிளாக் ஹூடி' பாட்டு போலீஸ் துப்பாக்கியால் செத்த இளைஞனைப் பற்றியது, அதுக்கு கிராமி பரிந்துரை. 2021-ல் 'பம்-ரஷ்' பாட்டுக்காக சிறந்த மெட்டல் பிரிவில் கிராமி விருதே வாங்கிட்டாங்க. 2023 பிப்ரவரியில் ஹாலிவுட் நடைபாதையில் ஐஸ்-டி பெயர் பதிச்ச நட்சத்திரம் வந்தது.

1992-ல் ஆல்பத்திலிருந்து எடுத்த அந்தப் பாட்டு? கச்சேரி மேடையில் பேண்டு அதைத் தொடர்ந்து பாடிட்டுத்தான் இருக்கு. முடிச்சுட்டு நியூயார்க் திரும்பி, மறுபடி ஃபின்னோட பேட்ஜை மாட்டிக்கிறார்.